பட்டன் இல்லாத பியானோ

எங்க அக்கா பாஞ்சாலி ஊரை ஏமாத்திட்டான்னு ஹோசூர் ரோட்டுப் பக்கம் ரெண்டு மூணு அபார்ட்மெண்ட்டுல பேச்சு இருக்கு. பியானோ தெரியாமலே பியானோ டீச்சர்னு சொல்லிக்கிட்டு அஞ்சு வருஷம் ஓட்டினாளாம். அப்படிப் பேசுறவங்க வாயைப் போய் என்னால மூட முடியாது. நான் ஆட்டோ ஓட்டுறவன், செக்யூரிட்டி கேட்டுக்குள்ளயே விடமாட்டான். ஆனா அந்தப் பேச்சுல பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல அங்க யாரும் இல்ல, அதான் நான் சொல்றேன். என் பேரு சந்திரன். அக்காவுக்கு ஆறு வயசு சின்னவன்.

நாங்க பொறந்தது சிவாஜிநகர்ல, கறிக்கடைங்களுக்குப் பின்னாடி ஒரு சந்துல. அப்பா மார்க்கெட்டுல மூட்டை தூக்குனாரு, அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்க. பாட்டு கேக்கணும்னா எதிர்த்த டீக்கடை ரேடியோதான். அக்கா பத்தாவது முடிச்சுட்டு ஒரு மியூசிக் கடையில வேலைக்குச் சேர்ந்துச்சு. கித்தாரு, தபேலா, கீபோர்டு எல்லாம் விக்கிற கடை. முதலாளி சேஷகிரி நல்ல மனுஷன், தூசியைக் கண்டா மட்டும் சாமி வந்துரும். காலையில எல்லாக் கீபோர்டையும் தொடைச்சு, கரண்ட்டு போட்டு, எல்லாக் கட்டையும் பேசுதான்னு பார்த்து வைக்கணும். அதுதான் அக்கா வேலை. அப்படிப் பார்க்கிற சாக்குல டீக்கடையில கேட்ட பாட்டையெல்லாம் கட்டையில தேடிச்சு. மூணே மாசத்துல ரெண்டு கையாலயும் வாசிக்க ஆரம்பிச்சிருச்சு. கஸ்டமர் வந்தா, "பாஞ்சாலி, ஒண்ணு வாசிச்சுக் காட்டும்மா"ன்னு சேஷகிரி கூப்பிடுவாரு. அக்கா வாசிச்சா கீபோர்டு வித்துரும். யாரும் சொல்லிக் குடுக்கல. இப்படி வை, அப்படி வைன்னு கையைப் பிடிச்சு ஒருத்தர் திருத்தல. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

கிருஷ்ணப்பான்னு ஒருத்தர். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துறவரு, கன்னடக்காரரு, நம்ம தமிழும் பேசுவாரு. ஸ்பீக்கர் வாங்க வந்த இடத்துல அக்கா வாசிக்கிறதைக் கேட்டுட்டு மேடைக்குக் கூப்பிட்டாரு. அப்பா ஒரு வாரம் வீட்டுல சோறு திங்கல. பொம்பளைப் புள்ள மேடை ஏறினா யாருடா கட்டிக்குவான்னு கத்துனாரு. அம்மாதான், கட்டிக்கிறவன் கட்டிக்கட்டும், அவ போகட்டும்னு ஒரே வார்த்தையில முடிச்சாங்க. அப்பா சொன்ன மாதிரியேதான் ஆச்சு, யாரும் கட்டிக்கல. அக்காவும் அதைப் பத்தி ஒரு நாள்கூட மூக்கைச் சிந்தினது கிடையாது.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல மேடைதான். கணபதி பூஜை, நவம்பர் பூரா கன்னட நாடு உருவான நாளைக் கொண்டாடுற ராஜ்யோத்சவ மேடை, நம்ம ஆளுங்க கல்யாண ரிசப்ஷன். ஒரு பாட்டு கன்னடம், அடுத்தது தமிழ், கூட்டம் கேட்டா ஹிந்தி. கீபோர்டு என் ஆட்டோவுல குறுக்க படுத்துக்கிட்டு ஒரு முனை வெளிய நீட்டிக்கிட்டு வரும். அக்கா அதைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா தொங்கிக்கிட்டு வரும். டிராபிக் போலீஸ் எத்தனை தடவை நிறுத்தியிருக்கான்னு கணக்கே இல்ல.

இப்ப பட்டனைப் பத்திச் சொல்லணும். கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்கு. பாடுறவங்க ஆளுக்கு ஒரு சுருதி, அதையும் கட்டைன்னுதான் சொல்லுவாங்க, ஒருத்தருக்கு ஒரு கட்டை, இன்னொருத்தருக்கு அஞ்சரைக் கட்டை. ஒவ்வொரு சுருதிக்கும் விரல் வேற வேற இடத்துக்குப் போகணும், கருப்புக் கட்டையெல்லாம் உள்ள வரும், கஷ்டம். பட்டனை அமுக்கி ஏத்திட்டா அந்த வம்பே இல்ல. விரல் பழகின இடத்துலயே ஓடும், சத்தம் மட்டும் ஏறி இறங்கிக்கும். அக்காவுக்குத் தெரிஞ்சது ஒரு கட்டைச் சுருதி மட்டும்தான். மிச்சத்தையெல்லாம் பட்டன் பார்த்துக்கிச்சு. ஆர்க்கெஸ்ட்ராவுல பாதிப் பேர் அப்படித்தான், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. பாடுறவர் மைக்குக்கு முன்னாடி தொண்டையைச் செருமினாலே இன்னைக்கு அவருக்கு அரைக் கட்டை இறக்கணும்னு அக்காவுக்குத் தெரிஞ்சிரும்.

ஒரே ஒரு சங்கடம், கரண்ட்டு. நடுவுல போயிட்டு வந்தா பட்டன் பழையபடி சைபருக்கு வந்து நிக்கும். மறந்துட்டு வாசிச்சா பாட்டு ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். அதனால லைட்டு திரும்பி வந்ததும் மொத்தக் குரூப்பும் அக்கா கையைத்தான் பார்க்கும். ஒரு நாளும் அக்கா மறந்தது இல்ல.

பிறகு எல்லாரும் ரெக்கார்டு பண்ணின மியூசிக்கை டிராக்கா போட்டு, மைக்கை மட்டும் பிடிச்சுப் பாட ஆரம்பிச்சாங்க. மேடை குறைஞ்சு போச்சு. நாங்க அதுக்குள்ள பொம்மனஹள்ளிக்கு வந்துட்டோம். அக்கா கீழ் வீடு, நான் என் பொண்டாட்டி பிள்ளைங்களோட மேல் வீடு. அப்பதான் அபார்ட்மெண்ட்டுல பிள்ளைங்களுக்குக் கீபோர்டு சொல்லிக் குடுக்க அக்காவைக் கூப்பிட்டாங்க. மொதல்ல கூப்பிட்டது வீணா மேடம். ஈரோட்டுப் பக்கம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஐடி. அவங்க பொண்ணு சிந்துவுக்கு அப்ப எட்டு வயசு. அவங்கதான் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட, "இவங்க எங்க பியானோ டீச்சருங்க"ன்னு சொன்னாங்க. அங்கேர்ந்து பரவி பதினோரு வீடு ஆச்சு. எல்லா வீட்டுலயும் இருந்தது கீபோர்டுதான், பியானோ இல்ல. ஆனா எல்லா வீட்டுலயும் அக்கா பியானோ மிஸ். ஆட்டோவுல வரும்போது ஒரு நாள் நான் கிண்டல் பண்ணேன், என்னக்கா, எங்க உன் பியானோன்னு. அக்கா சிரிக்கல. ரோட்டைப் பார்த்து ஓட்டுடான்னு சொல்லுச்சு.

சிந்து மேல அக்காவுக்கு உசுரு. ஞாயித்துக்கிழமை பத்து மணி அந்தப் பொண்ணு நேரம். ஒரு தடவை கேட்டா பிடிச்சுக்கும். தன்னை மாதிரியே இருக்குன்னு அக்கா என்கிட்ட சொல்லும். அங்கதான் தப்பே. தன்னை மாதிரியேதான் சொல்லிக் குடுத்துச்சு. ஒரு கட்டை, ஒரு பட்டன்.

போன வருஷம் ஜனவரியில சிந்து ஸ்கூல்ல ஆண்டு விழா. எட்டுப் பொண்ணுங்க கடவுள் வாழ்த்து பாடணும், சிந்து கீபோர்டு. பொண்ணுங்களுக்கு நாலரைக் கட்டை. அக்கா வாராவாரம் உட்கார்ந்து பட்டனை ஆறு தடவை அமுக்கணும்னு பழக்கி வெச்சிருந்துச்சு. அன்னைக்கு நான்தான் ரெண்டு பேரையும், கீபோர்டையும் ஏத்திக்கிட்டுப் போனேன். வீணா மேடம் ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துட்டாங்க. ஹால் வாசல்லயே ஸ்கூல் மியூசிக் மாஸ்டர் நின்னுக்கிட்டு, கீபோர்டு எதுக்கு, பழைய மாணவர் ஒருத்தர் பெரிய பியானோ குடுத்திருக்காரு, இன்னைக்கு அதைத் தொறக்குறாங்க, உங்க பொண்ணுதான் மொத மொத வாசிக்கப் போறான்னு சந்தோஷமா சொன்னாரு. வீணா மேடத்துக்குப் பெருமை தாங்கல. நீங்க சொல்லிக் குடுத்தது பியானோதானே மிஸ், சிந்துவுக்கு இது ஒரு விஷயமான்னு அக்காவைக் கேட்டாங்க.

அது நெசப் பியானோ, மரம். அதுல பட்டன் கிடையாது. கீபோர்டு என் தோள்லதான் இருந்துச்சு. இல்லங்க, இந்தப் பொண்ணுக்கு கீபோர்டுதான் பழக்கம், அதுலயே வாசிக்கட்டும்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. அக்கா வாயைத் தொறந்துச்சு. மாஸ்டரைப் பார்த்துச்சு, வீணா மேடத்தைப் பார்த்துச்சு. சரிங்க, வாசிப்பான்னு சொல்லிட்டு, கீபோர்டைத் திருப்பிக் கொண்டு போய் ஆட்டோவுல வைக்கச் சொல்லுச்சு. நானும் வெச்சேன். எனக்கும் தெரியும் இல்ல? நானும்தான் வெச்சேன்.

சிந்து பியானோ முன்னாடி உட்கார்ந்துச்சு. கை தன்னால இடது பக்கம் மேல போச்சு, பட்டன் இருக்கிற இடத்துக்கு. அங்க வழவழன்னு மரம். தடவிப் பார்த்துச்சு. அப்புறம் தலையைத் தூக்கி மூணாவது வரிசையில இருந்த அக்காவைப் பார்த்துச்சு. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிச்சு. இதை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன், அதனாலதான் சொல்றேன்.

பொண்ணு தனக்குத் தெரிஞ்ச ஒரே கட்டையில ஆரம்பிச்சுச்சு. பாடுற பிள்ளைங்க அதைக் கேட்டு ஆரம்பிச்சதும் பாதிப் பேருக்குச் சத்தம் தொண்டைக்குள்ளயே நின்னு போச்சு. மீதிப் பேர் பழகின சுருதிக்கே ஏறிப் பாடுனாங்க. ரெண்டு பாட்டா போச்சு. பின்னாடி யாரோ சிரிச்சாங்க, அப்புறம் நிறையப் பேர் சிரிச்சாங்க. சிந்து ரெண்டு வரியோட கையை எடுத்து மடியில வெச்சுக்கிச்சு. பிள்ளைங்க சுருதி இல்லாம, தாளம் இல்லாம எப்படியோ பாடி முடிச்சாங்க. அது வரைக்கும் அந்தப் பொண்ணு அசையாம அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்திருந்துச்சு.

வெளிய வந்ததும் வீணா மேடம் என்னாச்சுன்னு கேட்டாங்க. நான் மறந்துட்டேம்மான்னு சிந்து சொல்லுச்சு. அவங்க பொண்ணை அங்கயே பிடிச்சுக்கிட்டாங்க, பிராக்டிஸ் பண்ணாம போனையே நோண்டிக்கிட்டு இருந்தா இப்படித்தான்னு. மறுநாள் அக்காவுக்கு மெசேஜ் வந்துச்சு. உங்களுக்கு என் பொண்ணால தலைகுனிவு, மன்னிச்சுக்குங்க, அவளுக்கு இனிமே மியூசிக் வேணாம், கீபோர்டை பரண் மேல போட்டுட்டேன், ஆனா பக்கத்து பிளாக்ல ரெண்டு பிள்ளைங்க சேரக் கேக்கறாங்க, நான் உங்க நம்பர் குடுத்திருக்கேன்னு.

அந்த மெசேஜை அக்கா என்கிட்ட படிச்சுக் காட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெக்கத்தை விட்டுச் சொல்றேன். நல்லதாப் போச்சு, வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னேன். பதினோரு வீடு இருக்கு, ஒருத்தருக்குத் தெரிஞ்சா பதினோரு பேருக்கும் தெரியும், எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பு. நாப்பத்தேழு வயசுல மறுபடி எந்தக் கடையில போய் நீ தொடைப்பேன்னு கேட்டேன். சின்னப் பொண்ணு, ஒரு மாசத்துல மறந்துரும்னேன். அக்கா அந்த வாரம் பூரா கிளாஸுக்குப் போச்சு, வந்துச்சு. சோத்தைத் தட்டுல போட்டு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். என் பொண்டாட்டி ஜெயலட்சுமி பார்த்துட்டு வந்து, உங்க அக்காவை நீங்கதான் கொல்லுறீங்கன்னு என் மேல எரிஞ்சு விழுந்தா. நான் அவளையும் வாயை மூடச் சொன்னேன். அந்த வாரம் நான் எல்லார் வாயையும் மூடிக்கிட்டு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அக்கா குளிச்சு, மேடைக்குக் கட்டுற நீலப் புடவையைக் கட்டிக்கிட்டு ஆட்டோவுல வந்து உட்கார்ந்துச்சு. மணி ஒன்பதரை. எங்கன்னு நான் கேக்கல. கேட்டா வண்டியை எடுக்காம இருந்திருப்பேன். அபார்ட்மெண்ட் வாசல்ல, நீயும் மேல வான்னு கூப்பிட்டுச்சு. அஞ்சு வருஷத்துல என்னை அந்த வீட்டுக்குள்ள கூப்பிட்டது அன்னைக்குத்தான்.

வீணா மேடம் காபி குடுக்க எழுந்தாங்க. அக்கா வேணாம்னுட்டு, பரண் மேல இருக்கிற கீபோர்டை எடுக்கணும்னு கேட்டுச்சு. நான்தான் ஏறி எடுத்தேன். சிந்து ரூம் கதவுகிட்ட வந்து நின்னுச்சு. அக்கா பட்டனை ஆறு தடவை அமுக்கி அந்தக் கடவுள் வாழ்த்தை வாசிச்சுச்சு. சுத்தமா இருந்துச்சு. அப்புறம் பட்டனை சைபருக்குக் கொண்டு வந்து, அதே சுருதியில விரலை மாத்தி வாசிக்கப் பார்த்துச்சு. நாலாவது சுரத்துலயே தடுக்குச்சு. மறுபடி ஆரம்பிச்சுச்சு, மறுபடி தடுக்குச்சு. மூணாவது தடவையும். எத்தனை ஆயிரம் பேர் முன்னாடி வாசிச்ச கை அது. என்னால பார்க்க முடியல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அக்கா கையை எடுத்துட்டு, "உங்க பொண்ணு எதையும் மறக்கலைங்க. நான் சொல்லிக் குடுத்ததே இவ்வளவுதான். அன்னைக்கு வாசல்லயே இதைச் சொல்லியிருக்கணும், வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டுட்டேன். அவ என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்"னு சொல்லுச்சு.

வீணா மேடம் அக்காவை நேராப் பார்த்துக் கேட்டாங்க. "அஞ்சு வருஷமா உங்களைப் பியானோ டீச்சர்னுதானே கூப்பிட்டோம். ஒரு நாள்கூட இல்லைன்னு நீங்க சொல்லலையேங்க."

"சொல்லலைங்க. கேக்க நல்லா இருந்துச்சு."

அந்தம்மா கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தல. சோபாவுல உட்கார்ந்து முகத்தை மூடிக்கிட்டு, இந்த ஒரு வாரமா அந்தப் பொண்ணை நான் என்னென்ன சொன்னேன் தெரியுமான்னு கேட்டாங்க. அது எங்ககிட்ட கேட்ட மாதிரியே இல்ல. அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, நீங்க இனிமே இங்க வர வேணாம், மத்தவங்களுக்கும் நான் சொல்லித்தான் ஆகணும்னு சொன்னாங்க. அக்கா கும்பிட்டுட்டு வெளிய வந்துச்சு.

லிஃப்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தோம். சிந்து செருப்பு கூட போடாம ஓடி வந்துச்சு. மூச்சு வாங்க, "மிஸ், நான்தான் யார்கிட்டயும் சொல்லலையே. நீங்க எதுக்குச் சொன்னீங்க?"ன்னு கேட்டுச்சு.

பதிமூணு வயசுப் பொண்ணுங்க. அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் ஒரு வாரம் அத்தனை திட்டையும் வாங்கிக்கிட்டு நின்னிருக்கு. அக்கா அது கன்னத்தைத் தொட்டு, "நீ சொல்லாம இருந்ததாலதான் கண்ணு"ன்னுச்சு. லிஃப்ட் வந்துச்சு, ஏறிட்டோம். கீழ வர்ற வரைக்கும் நான் அக்கா மூஞ்சியைப் பார்க்கல.

அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதினோரு வீடு மூணு வீடாச்சு. நான் சொன்ன மாதிரியே ஆச்சுன்னு எனக்குக் கோவம், ரெண்டு நாள் அக்காகூட பேசல. மூணாவது நாள் பார்த்தா மல்லேஸ்வரத்துக்குப் போறேன்னு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புது. அங்க பாகீரதின்னு ஒரு அம்மா வீட்டுல நெசப் பியானோ வெச்சு சொல்லித் தர்றாங்களாம். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி வாரத்துக்கு ரெண்டு நாள். நான் கொண்டு விடுறேன்னேன், ஸ்டூடண்ட் தனியாத்தான் போகணும்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அந்தம்மா மொத நாள் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, உங்க விரல் நிறைய நடந்திருக்கு, ஆனா ஒரே தெருவுலயே நடந்திருக்குன்னு சொன்னாங்களாம். ஏழு வயசு, எட்டு வயசுப் பிள்ளைங்களோட வரிசையில உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்குமாம். அதுங்க ஆன்ட்டி, நீங்களும் ஃபர்ஸ்ட் புக்கான்னு கேக்குமாம். ஆமான்னு சொல்லுமாம்.

போன நவம்பர்ல கிருஷ்ணப்பா ராஜ்யோத்சவத்துக்குக் கூப்பிட்டாரு. அக்கா கீபோர்டுல அந்தப் பட்டன் மேல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்துச்சு. பாடுறவர் ரெண்டு கட்டை கேட்டாரு. அக்கா விரலாலயே போச்சு. ரெண்டு இடத்துல தப்பு விழுந்துச்சு, அவரு திரும்பி முறைச்சாரு. மூணாவது பாட்டுல கரண்ட்டு போச்சு. திரும்பி வந்ததும் பழக்க தோஷத்துல எல்லாரும் அக்கா கையைப் பார்த்தாங்க. அக்கா விட்ட இடத்துலேர்ந்து அப்படியே வாசிச்சுக்கிட்டே போச்சு. கிருஷ்ணப்பா எதுக்கும்மா இந்த வயசுல இவ்வளவு கஷ்டம்னு கேட்டாரு. அக்கா கீபோர்டை உறையில போட்டுச்சு.

இப்ப மூணு வீடு அஞ்சாச்சு. புதுசா வர்றவங்ககிட்ட மொத வார்த்தையே, நான் கீபோர்டு டீச்சருங்க, பியானோ இப்பதான் கத்துக்கிறேன்னு சொல்லிடும். சில பேர் அதோட போயிடுவாங்க. போன மாசம் ஒரு வீட்டுல ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மட்டும்தான் முடியும்னு கேட்டாங்க. நல்ல குடும்பம், ரெண்டு பிள்ளைங்க. அக்கா முடியாதுன்னுட்டுச்சு. அந்த நேரம் சும்மாதானே கிடக்குன்னு நான் சண்டைக்குப் போனேன். அது சிந்து நேரம்டான்னு சொல்லுச்சு.

அந்தப் பொண்ணு மறுபடி கீபோர்டைத் தொட்டுச்சான்னு எங்களுக்குத் தெரியாது. வீணா மேடம் நம்பர்லேர்ந்து எதுவும் வரல. ஆனா ஞாயித்துக்கிழமை பத்து மணியானா அக்கா கதவைச் சாத்திக்கிட்டு ஸ்கேல் வாசிக்க ஆரம்பிக்கும், ஒவ்வொண்ணா, கருப்புக் கட்டையெல்லாம் மிதிச்சு மிதிச்சு. அந்த ஒரு மணி நேரம் நான் சவாரி எடுக்கிறதில்ல. படியில உட்கார்ந்து கேப்பேன். சுருதிக்கு ஒண்ணா மொத்தம் பன்னெண்டு ஸ்கேல், நேத்து வரைக்கும் எட்டு வந்திருக்கு. இன்னும் நாலு பாக்கி.